சோழவரத்துத் தேதிக்குத் திரும்பும் ஹெரால்டு

பழைய காரைப் பழைய நிலைக்குக் கொண்டுவருகிறேன் என்று இறங்குகிறவர் முதலில் ஒரு தேதியைச் சொல்லியாக வேண்டும். தொழிற்சாலையை விட்டு வெளியே வந்த நாளா, வீட்டுப் பெரியவர் கடைசியாக ஓட்டிய நாளா, பந்தயத்தில் ஓடிய நாளா? ஒரே வண்டிக்கு இந்த மூன்று நாளிலும் மூன்று உடம்பு. கண்காட்சியில் நிறுத்தப்போகும் வண்டி என்றால் விடை சுலபம். நிறுவனத்தின் கையேடு இருக்கிறது, உதிரிபாகப் பட்டியல் இருக்கிறது, அதன்படி செய்துவிடலாம். பந்தயத்தில் ஓடிய வண்டிக்கு அப்படி ஒரு கையேடு கிடையாது. சிலிண்டர் ஹெட்டை எவ்வளவு இழைத்தார்கள், கார்புரேட்டரில் எந்த ஊசியைப் போட்டார்கள், டிஃபரன்ஷியலில் எந்தப் பல் விகிதம் என்பதெல்லாம் ஒரு மெக்கானிக்கின் தலைக்குள்ளும் அவர் கைபட்ட இரும்பிலும்தான் இருந்தன. மெக்கானிக் இன்று இல்லாமல் இருக்கலாம். இரும்பு இருக்கிறது. அதை எப்படிப் படிப்பது என்பதுதான் இந்த அத்தியாயத்தின் கேள்வி.

எடுத்துக்காட்டுக்கு ஒரு ஸ்டாண்டர்ட் ஹெரால்டை எடுத்துக்கொள்வோம். தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற வழியில், ஓட்டுக் கொட்டகை ஒன்றில் அது பல வருஷமாக நிற்கிறது, "இது சோழவரத்தில் ஓடின வண்டி" என்று வீட்டில் சொல்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அந்தப் பேச்சு உண்மையா என்று சரிபார்ப்பதும், உண்மையென்றால் அந்த நாளின் நிலைக்கே வண்டியைக் கொண்டுபோவதும் நம் வேலை.

ஹெரால்டு தமிழ்நாட்டுக் கார். பிரிட்டனின் டிரையம்ஃப் நிறுவனம் 1959-இல் வெளியிட்ட இந்த வண்டிக்கு உருவம் கொடுத்தவர் இத்தாலியரான ஜொவான்னி மிக்கெலொட்டி. 1961-இல் சென்னையின் ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ் நிறுவனம் அதை இங்கே தயாரிக்கத் தொடங்கியது. பம்பரத்தைப் போலத் திரும்பும் வண்டி என்று பெயர் வாங்கியது. அது திரும்ப 25 அடி வட்டம் போதும். நான்கு கதவு வைத்த ஹெரால்டு இந்தியாவில் மட்டுமே வந்தது. இதே வண்டியின் சட்டத்தைக் குறுக்கி, மேலே இரண்டு பேர் உட்காரும் திறந்த உடலைப் பொருத்தித்தான் 1962-இல் டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் என்ற ஸ்போர்ட்ஸ் கார் பிறந்தது. அந்த ஸ்பிட்ஃபயர் 1965-இல் பிரான்சின் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் 13-ஆவது இடத்தில் முடித்து, தன் பிரிவில் முதலிடமும் பெற்றது. லெ மானில் ஓடிய வண்டியும் நம் ஊர் டாக்டர்கள் ஓட்டிய வண்டியும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள். எஞ்சின் பிளாக், முன் சஸ்பென்ஷன், பின்சக்கர அமைப்பு எல்லாம் ஒரே குடும்பம்.

சென்னைக்கு வடக்கே சோழவரத்தில் இரண்டாம் உலகப்போர்க் காலத்து விமான ஓடுதளம் ஒன்று இருந்தது. மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் 1950-களிலிருந்து அங்கே பந்தயம் நடத்தியது. 1990-இல் இருங்காட்டுக்கோட்டையில் முறையான பந்தயத் தடம் வரும்வரை தென்னிந்தியாவின் மோட்டார் பந்தயம் என்றால் சோழவரம்தான். பல்லாயிரம் பேர் திரண்டு வந்து பார்த்த பந்தயம் அது. ஃபியட், அம்பாசிடர், ஹெரால்டு என்று தெருவில் ஓடிய கார்களே அங்கும் ஓடின. வெளிநாட்டுப் பாகம் இறக்குமதி செய்வது அன்று எளிதல்ல. உரிமம் வேண்டும், பணம் வேண்டும், பொறுமை வேண்டும். அதனால் பந்தயத்துக்கான மாற்றங்களில் பெரும்பகுதி உள்ளூர் லேத் பட்டறையிலேயே நடந்தது. இதை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். இங்கிலாந்துப் பட்டியலைப் பார்த்து வாங்கிய பந்தயப் பாகங்களை ஒரு சோழவரத்து வண்டியில் மாட்டினால் அது இங்கிலாந்து வண்டியாகிவிடும். சோழவரத்தில் ஓடிய வண்டி அதோடு போய்விடும்.

முதலில் பெயின்ட். மேலுக்கு அழகாக்குகிற ஆசையில் எல்லோரும் முதல் நாளே உரித்துப்போடுவது இதைத்தான். உரிக்கக் கூடாது. கதவின் நடுவில் கையகல இடத்தில் வாட்டர் பேப்பரைத் தண்ணீர் தொட்டு மெதுவாக, ஓரம் சரிவாக வரும்படி தேய்க்க வேண்டும். தேயத் தேய ஒவ்வொரு பூச்சும் ஒரு வளையமாகத் தெரியும். நடுவில் இரும்பு, அதைச் சுற்றிப் பிரைமர், பிறகு முதல் நிறம், அதற்கு மேல் அடுத்தது. பருத்தித் துணியில் தின்னர் நனைத்து ஒவ்வொரு வளையத்தின் மேலும் வைத்துப் பார்த்தால் இன்னொரு தகவல் கிடைக்கும். நைட்ரோசெல்லுலோஸ் பெயின்ட் எத்தனை வருஷம் ஆனாலும் தின்னர் பட்டால் கரைந்து துணியில் நிறம் ஒட்டும். பிற்காலத்தில் வந்த, இரண்டு திரவங்களைக் கலந்து அடிக்கும் பாலியூரிதேன் பெயின்ட் அசைந்துகொடுக்காது. அது காய்வது வேதிவினை, திரும்பிக் கரையாது. கதவில் மட்டும் இரண்டு வளையங்களுக்கு நடுவே ஒரு வெள்ளைப் பூச்சு வந்து, அதே பூச்சு பானெட்டிலோ டிக்கியிலோ வேறெங்குமோ இல்லையென்றால், பந்தய எண் எழுதிய வெள்ளை வட்டம் அங்கே இருந்திருக்க நல்ல வாய்ப்புண்டு. அதைத் தொடாமல், தேய்க்கும் வட்டத்தைப் பெரிதாக்கிக்கொண்டே போனால் எண்ணின் விளிம்பே தெரிந்துவிடலாம். அப்புறம் பழைய புகைப்படங்களில் அந்த எண்ணைத் தேடலாம்.

அடுத்தது துரு. தென்காசி வட்டாரத்தில் இது தனி விஷயம். இங்கே கடல் உப்பு இல்லை, ஆனால் சாரல் இருக்கிறது. கொட்டித் தீர்த்துவிட்டுப் போகிற மழையைவிட, நாள் முழுக்கத் தூவிக்கொண்டே இருக்கிற சாரல்தான் இரும்புக்குக் கெடுதல். இரும்பு துருப்பிடிக்க ஆக்சிஜனும் வேண்டும், நீரும் வேண்டும். தண்ணீருக்குள் மூழ்கிய இரும்புக்கு ஆக்சிஜன் குறைவாகவே எட்டுகிறது. மெல்லிய ஈரப்படலம் பூசிய இரும்புக்கு இரண்டும் தாராளம். உலோகச் சிதைவை ஆராய்கிறவர்கள் மழையின் அளவோடு நிற்பதில்லை. காற்றின் ஈரப்பதம் 80 சதவீதத்தைத் தாண்டி நிற்கும் மணி நேரங்களையும் கூட்டி வைக்கிறார்கள். ஆனி, ஆடியில் குற்றாலத்தில் அந்தக் கணக்கு கூடிக்கொண்டே போகும். துரு, தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைத்துக்கொள்ளும். ஹெரால்டின் சட்டத்தில் பக்கவாட்டில் நீளும் கைகளும், இரண்டு தகடு சேரும் மடிப்புகளும் முதலில் போவது இதனால்தான். உள்ளே ஊறுகிற துரு தகட்டை வெளிப்பக்கம் தள்ளிப் பிளந்துவிடுகிறது.

பழைய தகட்டை வெட்டி எறியாமல் காப்பாற்ற மின்பகுப்பு நல்ல வழி. பிளாஸ்டிக் தொட்டியில் சலவைச் சோடா கரைத்த தண்ணீர், பேட்டரி சார்ஜரின் நெகட்டிவ் முனையில் துருப்பிடித்த பாகம், பாசிட்டிவ் முனையில் ஒரு சாதாரண இரும்புத் துண்டு. பாசிட்டிவ் பக்கம் எவர்சில்வர் வைக்கவே கூடாது. அதிலுள்ள குரோமியம் நச்சுச் சேர்மமாகத் தண்ணீரில் இறங்கும். ஹைட்ரஜன் வாயு வருவதால் மூடிய அறையிலும் செய்யக் கூடாது. கமான் பட்டை, ஸ்டியரிங் பாகம் போன்ற கடினப்படுத்திய எஃகை இந்தத் தொட்டியில் போடவே வேண்டாம். வினையில் பிறக்கும் ஹைட்ரஜன் அணுக்கள் அந்த எஃகுக்குள் புகுந்து அதை நொறுங்கும் தன்மைக்குக் கொண்டுபோய்விடும். பார்வைக்குப் புதிது போலிருக்கும் பட்டை, பந்தயத்தின் நடுவில் உடையும்.

இப்போது எஞ்சின். இந்திய ஹெரால்டின் எஞ்சின் 948 சிசி. சிலிண்டர் விட்டம் 63 மி.மீ., பிஸ்டன் பயணம் 76 மி.மீ. சிலிண்டர் வட்டத்தின் பரப்பைப் பயணத்தால் பெருக்கிப் பாருங்கள், ஒரு சிலிண்டருக்கு 237 சிசி வரும். ஸ்பிட்ஃபயரில் பயணம் அதே 76, விட்டம் மட்டும் 69.3, அது 1147 சிசி. பிஸ்டன் கீழே இருக்கும்போது உள்ள மொத்த இடத்தை, மேலே வந்து நிற்கும்போது மிஞ்சுகிற இடத்தால் வகுத்தால் கிடைப்பது அழுத்த விகிதம். அந்த விகிதம் 8 என்றால், மேலே மிஞ்சும் இடம் 237-ஐ 7-ஆல் வகுத்த 34 சிசி. அதையே 9.5 ஆக்க வேண்டுமென்றால் மிஞ்சும் இடம் 28 சிசியாகச் சுருங்க வேண்டும். ஆறு சிசிதான் வித்தியாசம், ஒரு டீஸ்பூனைவிடச் சற்றே கூட. ஏட்டுக் கணக்கில் இந்த ஆறு சிசி, எஞ்சின் எரிபொருளிலிருந்து எடுக்கும் வேலையைச் சுமார் 5 சதவீதம் கூட்டுகிறது. அதற்காகத்தான் ஹெட்டின் அடிப்பரப்பை இழைத்தார்கள்.

நம் கொட்டகை வண்டியின் ஹெட் இழைத்ததா? அளந்தே பார்த்துவிடலாம். ஹெட்டைக் கவிழ்த்து, வால்வுகளும் ஸ்பார்க் பிளக்கும் இருக்கும்படியே மட்டமாக வைக்க வேண்டும். எரிதல் அறையின் விளிம்பில் மெல்லிசாகக் கிரீஸ் தடவி, நடுவில் துளையிட்ட கண்ணாடித் தகட்டை அழுத்தி ஒட்ட வேண்டும். கல்லூரி ஆய்வகத்தில் இருக்கிற பியூரெட்டில் நிறம் கலந்த மண்ணெண்ணெயை நிரப்பி, துளை வழியே சொட்டுச் சொட்டாக விட்டு, கண்ணாடிக்கு அடியில் கடைசிக் காற்றுக்குமிழி மறைகிற கணத்தில் அளவைக் குறிக்க வேண்டும். நான்கு அறைக்கும் இதே வேலை. கேஸ்கட்டின் கனத்தையும் பிஸ்டன் தலை எங்கே வந்து நிற்கிறது என்பதையும் சேர்த்தால் விகிதம் வந்துவிடும். எனக்கு விகிதத்தைவிட முக்கியமாகப் படுவது வேறொன்று. வார்ப்பில் வருகிற ஹெட்டில் நான்கு அறைகளும் கொஞ்சம் முன்பின்னாக இருக்கும், அது இயல்பு. நான்கும் ஒரு சொட்டு வித்தியாசம் இல்லாமல் நின்றால், யாரோ ஒருவர் உட்கார்ந்து அளந்து, குறைந்ததைச் சுரண்டி, நான்கையும் ஒன்றாக்கியிருக்கிறார். தெருவில் ஓட்டுகிற வண்டிக்கு அந்தச் சிரமத்தை யாரும் படுவதில்லை. சோழவரக் கதைக்கு இதைவிட நல்ல சாட்சி கிடைப்பது கஷ்டம். இந்த ஹெட்டைத் தூக்கிப்போட்டுவிட்டுப் புது ஹெட் வாங்குகிறவர் பணத்தையும் இழக்கிறார், வரலாற்றையும் இழக்கிறார்.

ஹெட்டுக்குக் கீழே இருப்பது கிராங்க் ஷாஃப்ட். இந்த எஞ்சினில் அதைத் தாங்க மூன்று மெயின் பேரிங்தான். சாதாரண ஓட்டத்தில் நிமிஷத்துக்கு 4500 சுற்று, பந்தயத்தில் 6500 என்று வைப்போம். வேகம் ஒன்றரை மடங்குகூட ஆகவில்லை. ஆனால் பிஸ்டனைத் தடுத்துத் திருப்பும் விசை வேகத்தின் வர்க்கத்தில் ஏறுவதால் இரண்டு மடங்கைத் தாண்டிவிடுகிறது. 6500 சுற்றில், மேலே போய்த் திரும்புகிற அந்தக் கணத்தில் பிஸ்டன் சந்திக்கும் முடுக்கம் புவியீர்ப்பைப்போல் 2000 மடங்குக்கும் மேல். பிஸ்டனும் பின்னும் ரிங்குகளும் சேர்ந்து 300 கிராம் என்றால் கனெக்டிங் ராடை இழுக்கும் விசை அரை டன்னுக்கு மேல், அதுவும் ஒரு நொடிக்கு நூறு முறைக்கு மேல். பழைய கிராங்கில் கண்ணுக்குத் தெரியாத ஒரு கீறல் இருந்தால் இந்த விசையில் அது வளரும்.

கீறலைக் கண்டுபிடிக்கப் பழைய மெக்கானிக்குகள் வைத்திருந்த முறை இன்றும் கைகொடுக்கும். கிராங்கை மண்ணெண்ணெயில் ஓர் இரவு ஊறப்போட்டு, எடுத்து, பொட்டு ஈரம் இல்லாமல் துடைப்பார்கள். சாக்பீஸ் பொடியை ஸ்பிரிட்டில் குழைத்து மேலே பூசிக் காயவிடுவார்கள். வெள்ளையாகக் காய்ந்த மேற்பரப்பில், வழக்கமாகப் பேரிங்கில் சுழலும் ஜர்னலும் அதை ஒட்டிய பக்கச் சுவரும் சேருகிற மூலையில், தலைமயிர் கனத்தில் ஓர் ஈரக்கோடு மெல்ல ஊறி வரும். கீறலுக்குள் நுண்குழல் விசையால் ஏறியிருந்த மண்ணெண்ணெயைச் சாக்பொடியின் இன்னும் நுண்ணிய துளைகள் உறிஞ்சி வெளியே இழுக்கின்றன. விமானத் தொழிற்சாலையில் சிவப்புச் சாயத்தை வைத்துச் செய்யும் சோதனையின் தத்துவமும் இதேதான். கோடு வந்த கிராங்கை மறுபடி எஞ்சினில் போடக் கூடாது. கழுவி, எண்ணெய் தடவி, அட்டை கட்டி அலமாரியில் வைத்துவிட்டு, வேறொரு பழைய கிராங்கைத் தேடிப் போட வேண்டும். பழமை காக்கிறேன் என்று இந்த இடத்தில் பிடிவாதம் பிடிப்பதை நான் ஏற்கமாட்டேன்.

தென்காசி காசி விசுவநாதர் கோயில் கோபுர வாசலில் காற்றுக் காலத்தில் நின்றவர்களுக்குக் கார்புரேட்டரைப் புதிதாக விளக்க வேண்டியதில்லை. வெளியே சாதாரணமாக வீசுகிற காற்று அந்த வாசலின் குறுகலுக்குள் நுழையும்போது வேட்டியைப் பறிக்கிற வேகம் எடுக்கிறது. மேற்கே மலைத்தொடர் தாழ்ந்து கிடக்கும் செங்கோட்டைக் கணவாயிலும் பெரிய அளவில் இதுவே நடக்கிறது. வழி குறுகினால் அதே அளவு காற்று வேகமாகத்தான் கடந்தாக வேண்டும். வேகம் கூடிய இடத்தில் அழுத்தம் குறையும். கார்புரேட்டரின் தொண்டையில் குறைந்த அந்த அழுத்தம்தான் ஜெட்டிலிருந்து பெட்ரோலை மேலே இழுக்கிறது. தொண்டை குறுகலாக இருந்தால் மெதுவான ஓட்டத்தில் நன்றாகக் கலக்கும், வேகத்தில் எஞ்சினுக்கு மூச்சு முட்டும். அகலமாக இருந்தால் தலைகீழ். பந்தயக்காரர்கள் விரும்பிய எஸ்.யூ. கார்புரேட்டர் இந்தச் சிக்கலை அழகாகத் தீர்த்தது. அதில் தொண்டையின் அகலமே எஞ்சின் கேட்கும் காற்றுக்கேற்ப மாறும். ஒரு பிஸ்டன் மேலே ஏறி வழிவிடும். அதன் அடியில் தொங்கும் கூர்மையான ஊசி ஜெட்டை விட்டு மேலே போகப் போக, பெட்ரோலுக்கும் வழி அகலும். ஊசியின் மேல் பொறித்த எழுத்துகளைப் பூதக்கண்ணாடியில் பாருங்கள். எழுத்து அழிந்திருந்தால் மைக்ரோமீட்டரில் எட்டில் ஒரு அங்குலத்துக்கு ஓர் அளவு எடுத்து எழுதுங்கள். அந்த எண் வரிசைதான் அன்றைய டியூனர் தன் எஞ்சினை எப்படிப் புரிந்துகொண்டார் என்பதற்கான குறிப்பேடு. சில ஊசிகளில் எமரி தாளால் தேய்த்த தடம்கூட இருக்கும். வேண்டிய ஊசி கிடைக்காதபோது கிடைத்த ஊசியைத் தேய்த்துச் சரிசெய்திருக்கிறார்கள்.

சாரல் காலத்தில் வண்டி நன்றாக இழுக்கிறது என்று ஓட்டுநர்கள் சொல்வதுண்டு. இதில் உண்மை இருக்கிறதா? சித்திரை மதியம் 38 டிகிரி வெயிலையும் ஈரம் நிறைந்த 24 டிகிரி சாரல் காலையையும் ஒப்பிடுவோம். ஈரக்காற்றில் நீராவி கொஞ்சம் இடத்தைப் பிடித்துக்கொள்வதால் ஆக்சிஜனுக்கு நட்டம். குளிர்ச்சியில் காற்று அடர்வதால் லாபம். இரண்டையும் கணக்குப் போட்டால் சாரல் காலையில் எஞ்சினுக்குக் கிடைக்கும் காற்று சுமார் மூன்றரை சதவீதம் கூடுதல். நீராவி, எரிதலைச் சற்று மந்தமாக்கி, கலவை தானாக வெடித்துத் தட்டும் நாக்கிங்கையும் தணிக்கிறது. ஆகவே அவர்கள் சொல்வது சரி. தென்காசியில் ஜூலையில் டியூன் செய்த வண்டியை வேறு பருவத்தில், வேறு ஊரில் ஓட்டுமுன் மறுபடி சரிபார்ப்பது நல்லது என்பதும் இதனால்தான்.

கிடைக்கவே கிடைக்காத பாகம் ஒன்று உண்டு. அன்றைய பெட்ரோல். அதில் டெட்ராஎத்தில் ஈயம் கலந்திருந்தார்கள். அது நாக்கிங்கைத் தடுத்தது. வால்வு உட்காரும் இடத்தில் படலமாகப் படிந்து தேய்மானத்தையும் தடுத்தது. குழந்தைகளின் மூளையை அது என்ன செய்தது என்பது தெரிந்தபின் உலகமே அதைக் கைவிட்டது. இந்தியாவில் 2000-ஆம் ஆண்டோடு ஈயப் பெட்ரோல் நின்றது. அது திரும்பி வரவும் கூடாது. வால்வு இருக்கைகளில் கடின உலோக வளையம் பதித்தால் போதும், வெளியிலிருந்து பார்த்தால் வித்தியாசமே தெரியாது. இப்போது பங்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். சாதாரணப் பெட்ரோல் ஒரு கிலோ முழுதாக எரிய 14.7 கிலோ காற்று வேண்டும், எத்தனாலுக்கு 9 கிலோ. கலவைக்கு ஏறக்குறைய 13.5. அதாவது அதே காற்றுக்கு எட்டு, ஒன்பது சதவீதம் கூடுதல் எரிபொருள் ஊற்ற வேண்டும். அன்றைய ஊசியை அப்படியே போட்டால் கலவை வறண்டு பிஸ்டன் சூடேறும். பழைய ரப்பர் குழாயும் கார்க் கேஸ்கட்டும் எத்தனாலில் ஊறிக் கெடும். காற்றிலுள்ள ஈரத்தையும் எத்தனால் உறிஞ்சிக்கொள்ளும் என்பதால், குற்றாலம் பக்கம் மாதக்கணக்கில் நிற்கும் வண்டியின் டாங்கியில் அதை விட்டுவைப்பது தப்பு. ஒரு நன்மையும் உண்டு. இந்தக் கலவைக்கு ஆக்டேன் எண் அதிகம். ஆவியாகும்போது குளிர்ச்சியும் கூடுதலாகத் தரும். அழுத்த விகிதம் கூட்டிய ஹெட் அன்றைவிட இன்று நிம்மதியாக இருக்கும். என் யோசனை: பழைய ஊசியை உறையிலிட்டு, அளவுகளை எழுதி, ஆவணமாக வைத்துவிடுங்கள். ஓட்டுவதற்கு வேறு ஊசி போடுங்கள்.

ஹெரால்டின் பின்சக்கரங்களைப் பற்றிச் சொல்லாமல் இந்த வண்டியைப் பற்றிப் பேசி முடிக்க முடியாது. செங்கோட்டை தாண்டிப் புளியரையில் மலைச்சாலை 'எஸ்' எழுத்தைப்போல் வளைகிற இடத்தை மனத்தில் கொண்டுவாருங்கள். ஹெரால்டில் பின் அச்சு இரண்டு துண்டு. ஒவ்வொன்றுக்கும் டிஃபரன்ஷியல் பக்கம் மட்டும்தான் ஒரு மூட்டு. அதனால் சக்கரம் மேலும் கீழும் போகும்போது நேராகப் போவதில்லை, அந்த மூட்டைச் சுற்றி வில்லாக வளைந்து போகிறது. வளைவில் வேகமாகப் போகும்போது தரை, வெளிப்பக்கச் சக்கரத்தை உள்நோக்கித் தள்ளுகிறது. அந்த விசை சாய்ந்த அச்சின் வழியே ஏறி வண்டியின் பின்பக்கத்தை மேலே தூக்குகிறது. பின்பக்கம் ஏறினால் சக்கரத்தின் அடி இன்னும் உள்ளே மடங்குகிறது. டயர், விளிம்பில் நிற்கிறது. பிடிப்பு பட்டென்று போகிறது. அந்த நேரத்தில் பயந்து ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் எடை முன்னால் போய், பின்பக்கம் இன்னும் ஏறும். வண்டி சுழன்றுவிடும். அமெரிக்காவில் ரால்ஃப் நேடர் 1965-இல் எழுதிய நூலில் செவர்லே கார்வேர் காரைக் கண்டித்ததும் இதே வகை அச்சுக்காகத்தான். டிரையம்ஃப் நிறுவனமே 1970-இல் ஸ்பிட்ஃபயரின் குறுக்குக் கமான் பட்டை நடுவில் அசைந்துகொடுக்கும்படி மாற்றியபிறகுதான் இந்தக் குணம் அடங்கியது.

பந்தயக்காரர்கள் 1970 வரை காத்திருக்கவில்லை. கமான் பட்டையைத் தட்டி வளைவைக் குறைத்தார்கள். வண்டியின் பின்பக்கம் தாழ்ந்தது. சக்கரங்கள் மேல்பக்கம் உள்ளே சாய்ந்து நின்றன. அப்படி நிற்கும் சக்கரம் வளைவில் மடங்குவதற்கு முன் நிமிர்ந்தாக வேண்டும். அந்த இடைவெளிதான் ஓட்டுநரின் உயிருக்குக் காப்பு. நம் வண்டியின் பட்டையைக் கழற்றி, கரியால் அதன் வளைவைச் சுவரில் வரைந்து, கையேட்டு அளவோடு ஒப்பிடுங்கள். லாரிக்குப் பட்டை கட்டும் கொல்லரிடம் காட்டினால், அது தானாகத் தளர்ந்ததா, சம்மட்டியால் தட்டியதா என்று தடத்தைப் பார்த்தே சொல்லிவிடுவார். தட்டியதென்றால் அதுவும் சாட்சி. இந்த அச்சுக்கு இன்றைய ரேடியல் பந்தய டயரை மாட்டுவது ஆபத்து. அன்றைய குறுக்கு இழை டயர் மெதுவாக வழுக்கி ஓட்டுநருக்கு முன்னறிவிப்புக் கொடுத்தது. இன்றைய டயரின் பிடிப்பு அந்த ஒல்லி அச்சும் ஹப்பும் கணக்கிடாத பாரத்தை அவற்றின்மேல் ஏற்றும்.

டிஃபரன்ஷியல் பற்றிச் சுருக்கமாக. 948 சிசி ஹெரால்டின் விகிதம் 4.875, ஸ்பிட்ஃபயரில் 4.11. டாப் கியரில் 6500 சுற்றுக்கு முதலாவது சுமார் 142 கி.மீ. வேகம் தரும், இரண்டாவது 168 தரும். ஆனால் காற்றைக் கிழிக்கத் தேவைப்படும் திறன் வேகத்தின் மூன்றாம் அடுக்கில் ஏறுவதால் 168-க்கு அறுபது சதவீதத்துக்கும் மேல் கூடுதல் குதிரைத்திறன் வேண்டும். 948 சிசிக்கு அது எட்டாக் கனி. நம் வண்டியில் எந்தப் பல் இருக்கிறது என்பதைப் பார்த்தால், அதை டியூன் செய்தவர் நீண்ட ஓடுதளத்தின் கடைசி வேகத்தை நம்பினாரா, திருப்பத்திலிருந்து பாய்வதை நம்பினாரா என்று ஊகிக்கலாம்.

உலகப் பந்தய அமைப்பான எஃப்.ஐ.ஏ. பழைய பந்தயக் கார்களுக்கென்று 'இணைப்பு கே' என்ற விதித்தொகுப்பை வைத்திருக்கிறது. கார்களை அது கால வரிசையில் பிரிக்கிறது. 1947 முதல் 1961 வரை ஒரு காலம், 1962 முதல் 1965 வரை அடுத்தது, இப்படிப் போகும். ஒரு மாற்றம் அந்தக் காலத்தில் அந்த மாதிரிக் காரில் உண்மையிலேயே இருந்தது என்று நிரூபிக்க வேண்டும். இருந்திருக்கலாம் என்ற ஊகம் செல்லாது. அதே விதிகள் பாதுகாப்புப் பெல்ட்டிலும் உருள்கூண்டிலும் தீயணைப்பானிலும் பழமையைக் கேட்பதில்லை. இது மிகச் சரியான கொள்கை என்பேன். நம் நாட்டில் 2021-இல் மத்திய மோட்டார் வாகன விதிகளில் செய்த திருத்தம், 50 வயது கடந்த வண்டிகளுக்கு 'வி.ஏ.' என்ற எழுத்துகளோடு தனிப் பதிவெண் கொடுக்கிறது. அது வரவேற்க வேண்டிய விதி. ஆனால் வண்டியின் அடிச்சட்டம், உடற்கூடு, எஞ்சின் இவற்றில் பெரிய மாற்றம் செய்யாத அசல் நிலையை அது கேட்கிறது. தொழிற்சாலை நிலை ஒன்றே அசல் என்று இதற்குப் பொருள் கொண்டால், சோழவரத்தில் ஓடிய வண்டி எங்கே போகும்? அந்தக் காலத்திலேயே, அந்தக் காலத்து ஆட்களாலேயே செய்யப்பட்ட பந்தய மாற்றமும் அந்த வண்டியின் அசல்தான் என்று விதி தெளிவாகச் சொல்ல வேண்டும். அதற்கு ஆதாரம் கேட்கட்டும், தவறில்லை.

அந்த ஆதாரம் உங்கள் வீட்டில் இருக்கலாம். தென்காசி, செங்கோட்டை, கடையநல்லூர் பக்கம் பழைய ஹெரால்டோ ஃபியட்டோ நின்ற வீட்டுக்காரர்கள், கொட்டகையைச் சுத்தம் செய்யும்போது கிடைக்கிற ஹெட், பிஸ்டன், கார்புரேட்டர், வளைந்த கமான் பட்டை எதையும் பார்க்காமல் காயலான் கடைக்கு எடை போட்டுவிடாதீர்கள். முதலில் ஈரத்துணியால் துடைத்து, பொறித்த எழுத்துகள் தெரியும்படி படம் எடுங்கள். ஆர்.சி. புத்தகம், பட்டறை ரசீது, பழைய ஆல்பம் மூன்றையும் ஒரே உறையில் போட்டு வையுங்கள். அந்த வண்டியில் வேலை பார்த்த மெக்கானிக் உயிரோடு இருந்தால், இந்த வாரமே போய் அவரிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.